ஹேண்டில்பாரை உயர்த்திய பிறகு

கேப்டனுக்குக் கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையில் மேற்பார்வையாளர். கைபேசியில் ‘மலையேறிகள்’ என்றொரு பைக் குழு இருந்தது. அதில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டது அவரேதான் என்பதைக் குழு பெருந்தன்மையோடு மறந்திருந்தது. நிஜமாகவே மலைக்குப் போய் வந்தவர்கள் அந்தக் குழுவில் ஓரிருவர் உண்டு. அவர்கள் அதிகம் பேசுவதில்லை.

கேப்டனின் வண்டி அட்வென்ச்சர் பைக் வகையைச் சேர்ந்தது. அந்த வகையிலேயே மலிவானது. மலிவு என்ற சொல்லை அவர் வாயால் சொல்ல மாட்டார். “மாற்றங்களுக்கு இடம் கொடுக்கிற வண்டி” என்பார். வண்டியும் இடம் கொடுத்தது. முதலில் எஞ்சினைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி போட்டார். வேலியின் கனத்தில் முன்பக்கம் அமுங்கியது. முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பரில் கெட்டி எண்ணெய் ஊற்றினார். முன்பக்கம் நிமிர்ந்ததும் பின்பக்கம் பள்ளமாகத் தெரிந்தது. பின்பக்கத்தையும் உயர்த்தினார். இப்போது சைடு ஸ்டாண்டு எட்டாமல் வண்டி குடிகாரனைப்போல் சாய்ந்து நின்றது. ஸ்டாண்டின் அடியில் ஒரு தட்டை வைத்து வெல்டிங் செய்தார். கடைசியில் வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. ஏறி உட்கார்ந்தால் கேப்டனின் கால்தான் தரையைத் தொடவில்லை. கனத்த அடிப்பாகம் வைத்த பூட்ஸ் வாங்கினார்.

“அடுத்தது ஏணியா?” என்று கேட்டாள் மனைவி.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கி வைக்கிற வேலையில் இருந்தாள். உடையக்கூடிய பொருள்களோடு பழகியவள். அதனால் கணவரோடும் அதே பக்குவத்தில் பேசினாள்.

வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைக்கு ‘பணிமனை’ என்று பெயர். சுவரில் ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு ஸ்பானர், ஒவ்வொரு ஸ்பானரைச் சுற்றியும் கறுப்பு மையில் அதன் உருவம். எது எங்கே போக வேண்டும் என்பது சுவருக்கே தெரியும். வீட்டுக்குள் அவருடைய சாக்ஸ் எங்கே கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செயினைத் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி துடைப்பார். வண்டி போகிற தூரத்துக்கு அந்தச் செயினில் அழுக்குச் சேர வேண்டுமென்றால் யாராவது கொண்டுவந்து பூசினால்தான் உண்டு. கடைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். மலை அடுத்த வருடம். எப்போதும் அடுத்த வருடம்.

அப்படியிருக்க அவருக்கு முதுகு வலித்தது. ஓட்டியதால் வந்த வலி அல்ல, குனிந்து நட்டு முடுக்கியதால் வந்தது. ஆனால் குழுவில் ஒருவர், உயர்ந்த சீட்டுக்குத் தாழ்ந்த ஹேண்டில்பார் ஆகாது, முதுகு போய்விடும் என்று எழுதியிருந்தார். கேப்டன் அலுமினியக் கட்டைகள் இரண்டு வரவழைத்தார். ஹேண்டில்பாரை வண்டியோடு பிணைக்கிற பிடிக்குக் கீழே அவற்றை வைத்து முடுக்கினால் பார் இரண்டு விரற்கடை உயரும். அதைப் பொருத்துவதைக் குழுவுக்காக வீடியோ எடுத்தார். கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மனைவி.

பார் உயர்ந்ததும், ஆக்சிலேட்டர் கேபிள் கொஞ்சம் விறைப்பாக வந்தது. வலது கைப்பிடியிலிருந்து தலைவிளக்கின் பின்னால் சுற்றி எஞ்சினுக்குப் போகிற கம்பி அது. ஏற்கெனவே அவர் மாட்டியிருந்த கூடுதல் விளக்கின் தாங்கி வழியில் நின்றது. கேப்டன் கேபிளைத் தாங்கிக்கு வெளியே எடுத்து விட்டு, பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார். நேராகப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. “எஞ்சினை ஓட விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை அனுபவசாலிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை” என்று கைபேசியைப் பார்த்துச் சொன்னார். அனுபவசாலியான தனக்கும் சொல்லத் தேவையில்லை என்று அடுத்த வேலைக்குப் போனார். வீடியோவுக்கு நல்ல வரவேற்பு. கடைக்குப் போய் வருகிற வழியில் ஹேண்டிலை அந்த அளவுக்கு ஒடிக்க வேண்டியும் வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மனைவியின் தம்பி வந்தான்.

தம்பி நகரப் பேருந்து ஓட்டுநர். சிறிய உருவம், பெரிய பொறுமை. டிப்போவுக்குச் சைக்கிளில் போய், அத்தனை பெரிய பேருந்தைச் சந்து சந்தாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து, ஒரு கீறல் இல்லாமல் நிறுத்திவிட்டு, மறுபடி சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவன். மற்ற ஓட்டுநர்கள் அவனைக் கிண்டலாக ‘கல்யாண ஊர்வலம்’ என்பார்கள். அத்தனை நிதானம். வேறு வேலை எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அக்கா கையால் ஒரு டீ குடிக்க வந்தவனைக் கேப்டன் கொட்டகைக்கு அழைத்துப்போய் மாற்றங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். தம்பி எல்லாவற்றுக்கும் “நல்லாருக்கு மாமா” என்றான். கேப்டனுக்கு அது போதவில்லை.

“ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க மாப்ளே. பஸ்ஸுங்கறது தண்டவாளம் இல்லாத ரயிலு. இதுதான் வண்டி.”

“வேணாம் மாமா. எனக்குப் பழக்கமில்லை.”

“பழகினாத்தானே பழக்கம்? தெருமுனை வரைக்கும் போய்த் திருப்பிட்டு வாங்க. உக்காந்தா உங்களுக்கே எறங்க மனசு வராது.”

உள்ளேயிருந்து அக்கா, அவனை விட்டுவிடுங்கள், டீ ஆறுகிறது என்றாள். தம்பியும் இரண்டு முறை மறுத்தான். மூன்றாவது முறை மறுத்தால் அக்கா வீட்டுக்காரருக்கு மரியாதை இல்லாமல் போகும் என்று நினைத்தானோ என்னவோ, ஏறினான். கால்விரல் நுனி மட்டும் தரையில் பட்டது.

தெருமுனை வரை அவன் போனதைப் பார்த்தவர்கள், நடந்துபோனாலே இதைவிடச் சீக்கிரம் போயிருக்கலாம் என்றார்கள். முனையில் தையல்காரர் கடை. கடை என்றால் சுவரில் பதித்த ஒரு கதவு, கதவுக்கு வெளியே ஒரு தையல் மிஷின், மிஷினுக்குப் பின்னால் அவர். வெயில் வருவதற்குள் ஒரு பேன்ட்டை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார். தம்பி அங்கே வண்டியைத் திருப்பினான். தெரு குறுகல். ஹேண்டிலை இடது பக்கம் முழுவதும் ஒடித்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

எஞ்சின் அலறியது. வண்டி பாய்ந்தது. மிஷினையும் மனிதரையும் சேர்த்துச் சுவரில் வைத்து அழுத்திவிட்டு, சாய்ந்து விழுந்தது. விழுந்த பிறகும் அலறியது. நாலு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நேராக்கியபோதுதான் அடங்கியது. அப்போதுதான் அவன் முறுக்கிய கையை விட்டான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தம்பியின் கை அதற்கு முன்பே தையல்காரரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரத்தம் நிற்பதற்காக, இரண்டு கையாலும்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிஷினை மிதிக்கிற கால்.

காவல் நிலையத்தில் தம்பி சொன்னது ஒன்றே ஒன்று. “நான் முறுக்கலைங்க. திருப்பினேன், வண்டி தானா பாய்ஞ்சுது.” இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனமாக எதையாவது சொல்லியிருக்கலாம். நாய் குறுக்கே வந்தது என்றிருந்தால்கூட யாராவது நம்பியிருப்பார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தானாகப் பாய்ந்ததென்றால் வண்டியைத்தான் உள்ளே போட வேண்டும், உன்னை எதற்கு என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

டிப்போ மேலாளர் சிரிக்கவில்லை. இது மோசம். அவர் சொன்னது தெளிவாக இருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து, கோளாறு வண்டியில்தான் என்றால் தம்பி மறுநாளே ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். வண்டியில் கோளாறு இல்லை என்றால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் இல்லாத ஓட்டுநரை வைத்துக்கொண்டு டிப்போ என்ன செய்யும்? ஆக, தம்பியின் பிழைப்பு அந்த வண்டியின் வாயில் இருந்தது.

நிலையத்தின் முற்றத்தில் இடமில்லை. முன்பே வந்த வண்டிகளின் மேல் கொடி படர்ந்திருந்தது. ஆய்வாளர் வரும் வரை வீட்டிலேயே இருக்கட்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கேப்டன் தலையாட்டினார். வண்டியில் கை வைக்காதே என்று அவரிடம் சொல்வது, சொறிகிறவனிடம் நகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்பதுபோல.

மருத்துவமனை வராந்தாவில் அவர் வண்டிக்காக வாதாடிக்கொண்டிருந்தார். கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும். “அந்த வண்டியிலே எனக்குத் தெரியாம ஒரு நட்டு கிடையாது” என்றார். உண்மைதான்.

மறுநாள் காய்ச்சல் என்று கடைக்கு லீவு சொன்னார். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு கொட்டகைக்குப் போனார். கம்பி வேலி வளைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வளையவில்லை. அவருக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது. எஞ்சின் கிளம்புகிறதா என்று பார்த்தார். கிளம்பியது. வெளிச்சம் விழட்டும் என்று ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினார். எஞ்சின் அலறியது.

நேராக்கினார். அடங்கியது.

மறுபடி திருப்பினார். மறுபடி அலறியது. ஆக்சிலேட்டரில் அவர் கையே இல்லை. வலது கைப்பிடி முன்னால் போகப் போக, விளக்கின் தாங்கிக்கு வெளியே கட்டியிருந்த கேபிள் துணி காயப்போடும் கயிறுபோல் விறைத்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார்.

முதலில் மச்சானின் நினைவு வந்தது என்று எழுத ஆசைதான். தையல்காரரின் நினைவு வந்தது என்றாலும் பரவாயில்லை. வந்தது வீடியோவின் நினைவு. குழுவில் எத்தனை பேர் அதைப் பார்த்து அதே மாதிரிச் செய்திருப்பார்கள் என்றுகூட இல்லை. இது வெளியே தெரிந்தால் யார் யார் என்ன எழுதுவார்கள் என்று. மலைக்குப் போய் வந்த அந்த ஓரிருவர் இப்போது பேசுவார்களே என்று.

பிறகு மச்சானின் நினைவும் வந்தது. கேப்டன் கெட்டவரில்லை. சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தார். ஆனால் எப்படிச் சொல்வது? ஆய்வாளர் என்றால் விஷயம் தெரிந்தவர். வந்தவுடன் கேபிள் இந்த லட்சணத்தில் தொங்குவதைப் பார்த்தால் வண்டிக்காரரைப் பற்றி என்ன நினைப்பார்? முதலில் சரிசெய்து வைக்க வேண்டும். பிறகு சொல்ல வேண்டும்: இப்படி ஒரு கோளாறு இருந்தது, கண்டுபிடித்தது நான், சரிசெய்தது நான். தவறு செய்தவர் என்கிற இடம் அந்த வாக்கியத்தில் கொஞ்சம் மங்கலாகவே இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

பட்டையை வெட்டினார். கூடுதல் விளக்கைத் தாங்கியோடு கழற்றி வீசினார். அலுமினியக் கட்டைகளைப் பழைய துணியில் சுற்றி, அலமாரிக்கு அடியில் தள்ளினார். ஹேண்டில்பார் பழைய உயரத்துக்கு இறங்கியது. கேபிள் தன் பழைய வழியில் தளர்வாகப் போய் உட்கார்ந்தது. இடது பக்கம் முழுவதும் திருப்பினார். எஞ்சின் குழந்தை மூச்சு விடுவதுபோல் ஓடியது. அதே கையோடு செயினையும் துடைத்தார். டயரின் பள்ளத்தில் காய்ந்திருந்ததையும் பிரஷ்ஷால் எடுத்தார்.

சாயங்காலம் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். அவள் குரல் உயரவில்லை.

“ஏங்க, உங்க வண்டியிலே ஏதாவது குறை இருந்தா சொல்லிடுங்க. குறை இருக்கறது ஒண்ணும் அவமானமில்லை. அவன் பொழப்புங்க.”

“இருந்தா சொல்லாம இருப்பேனா?” என்றார் கேப்டன். ஆய்வாளரிடம் சொல்லத்தானே போகிறோம், இவளிடம் எதற்கு என்று நினைத்துக்கொண்டார். டெக்னிக்கலான விஷயம். இவளுக்கு எங்கே புரியப் போகிறது?

ஆய்வாளர் வந்தார். ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். நசுங்கிய லாரிகளையும் எரிந்த வேன்களையும் பார்த்துப் பார்த்து, எதையும் தொடுவதற்கு முன்னால் கைக்குட்டையை எடுத்துக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டவர். கொட்டகைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றார். சுவரைப் பார்த்தார். ஸ்பானர்களையும் அவற்றின் நிழல்களையும் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மச்சான் மூலையில் நின்றிருந்தான். தேய்த்த சீருடை போட்டுக்கொண்டு வந்திருந்தான். யாரும் போடச் சொல்லவில்லை.

ஆய்வாளர் பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பி, ஹேண்டிலை வலது பக்கம் முழுவதும் திருப்பினார். இடது பக்கம் முழுவதும் திருப்பினார். மச்சான் ஓரடி முன்னால் வந்தான். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

“திருப்பினப்போதானே பாய்ஞ்சுதுன்னே?” என்று அவனைக் கேட்டார்.

“ஆமாங்க. இந்தப் பக்கந்தான்.”

இன்னொரு முறை திருப்பினார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுக் கேப்டன் பக்கம் திரும்பினார். கேப்டனின் வாக்கியம் தயாராக இருந்தது. முதல் சொல் நாக்கின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

“எத்தனையோ வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். வீட்டிலே வெச்சு ஒரு வண்டியை இப்படிப் பராமரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை, சார்” என்றார் ஆய்வாளர். “தெருவுக்கு ஒருத்தர் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது.”

அரசாங்க அதிகாரி ஒருவர் கேப்டனை ‘சார்’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாக்கின் மேல் நின்ற சொல் திரும்பிப் பார்த்தது, இறங்கி உள்ளே போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது: “ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சார் நேரம் கிடைக்குது.”

அவர்கள் செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது என்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் கேட்டுக்கொண்டு நின்றான்.

நாளைக்கு நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கேப்டன் நினைத்தார். நாளைக்குப் போனால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். நாளை மறுநாள் அந்தக் கேள்வி இன்னும் பெரிதானது. ஒரு வாரத்தில் கேள்வி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இதற்கிடையில் ஆய்வாளர் சொன்ன வார்த்தை எப்படியோ குழுவுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, கேப்டன்தான் எழுதினார். விபத்தைப் பற்றி எழுதவில்லை, பாராட்டை மட்டும். கைதட்டும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. மலைக்குப் போய் வந்தவர்களில் ஒருவர்கூட ஒரு படம் போட்டார். அந்தப் படத்தைக் கேப்டன் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்.

வண்டியில் குறையில்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று முடிந்தது. லைசென்ஸ் போயிற்று. பழைய மனிதர் என்ற இரக்கத்தில் டிப்போவில் அவனுக்குப் பேருந்து கழுவுகிற வேலை கொடுத்தார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு, தான் ஓட்டிய பேருந்தை வேறொருவன் கீறலோடு கொண்டுவந்து நிறுத்துவதைப் பார்க்கிற வேலை. ‘கல்யாண ஊர்வலம்’ என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. யாரும் எதுவும் கூப்பிடுவதில்லை.

அக்கா கணவரிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. ஆய்வாளரே சொல்லிவிட்டார், இனி என்ன கேட்பது? தம்பியிடம்தான் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். எல்லாருக்கும் கை தவறும், தவறியிருந்தால் ஒத்துக்கொள்ளடா, மனம் லேசாகும் என்று.

அதற்குப் பிறகுதான் அவன் கொட்டகைக்கு வந்தான். நேராக வேலையிலிருந்து வந்திருந்தான். கால்சட்டை முழங்கால் வரை ஈரம். கேப்டன் பிரேக் பெடலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, ஒரு தடவை உக்காந்து பார்க்கட்டுமா? வெளியே எடுக்க மாட்டேன்.”

கேப்டன் சாவியைக் கொடுத்தார். அவன் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரில் கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு, இடது பக்கம் முழுவதும் திருப்பினான். காத்திருந்தான். எஞ்சின் சீராக ஓடியது. நேராக்கி, மறுபடி திருப்பினான். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினான். அந்த நாளை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட முடியும் என்பதுபோல வேகமாகத் திருப்பினான், மெதுவாகத் திருப்பினான். தகரக் கூரைக்கு அடியில் புகை சேர்ந்தது. கேப்டன் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

கடைசியில் அவன் எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை.

“ஒண்ணுமில்லை மாமா. வண்டியிலே ஒண்ணுமேயில்லை.”

கேப்டன் குப்பியை மூடினார்.

“அந்த மனுஷன் கட்டில்லே கிடக்கறப்போ போய் நின்னு, ‘நான் இல்லைங்க, வண்டி’ன்னு சொன்னேன். அவரும் சரிப்பான்னார். நம்பினார் மாமா. அவர் ஒருத்தர்தான் நம்பினார்.” வலது கையைத் தூக்கி, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். “பயத்திலே முறுக்கியிருக்கும். எனக்கே தெரியாம. நான்தான். நாளைக்குப் போய் அவர்கிட்டே சொல்லிடறேன்.”

கேப்டனின் வாய் திறந்தது. கொட்டகையில் வேறு யாருமில்லை. ஆய்வாளர் இல்லை, குழு இல்லை, கைதட்ட ஆளில்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் இந்த உலகத்தில் கிடைக்காது.

“புதுசா ஓட்டறவங்களுக்கு அப்படி ஆகறதுதான் மாப்ளே” என்றார். “கிளட்சை விடறப்போ வலது மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வெச்சுக்கணும். தாழ்த்தி வெச்சா முறுக்க வராது.”

தன் கையை நீட்டிக் காட்டினார். மச்சான் கவனமாகப் பார்த்தான். கைப்பிடியை மறுபடி பிடித்து, மணிக்கட்டைத் தாழ்த்தினான்.

“இப்படியா மாமா?”

“இன்னும் கொஞ்சம்” என்றார் கேப்டன்.